இரும்புச்சத்து மாத்திரை: உடம்பு சொல்வதைக் கேட்டு எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தரும்போது "மூணு மாசம் போடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேள்விகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். போட்டால் குமட்டுகிறது, விட்டால் களைப்பு. தெம்பாக இருக்கும் நாளில் இது எதற்கு என்று தோன்றும். சோர்ந்து கிடக்கும் நாளில் இரண்டாகப் போட்டால் என்ன என்றும் தோன்றும். என் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு) அடிமட்டத்தில் இருந்தபோது இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை தேடி, மருத்துவரிடமும் கேட்டு, ஒரு முறை வகுத்துக்கொண்டேன். இப்போதுதான் மாத்திரை தொடங்குகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு.

உடம்பு இரண்டு விதமான செய்தி சொல்கிறது. வயிறும் குடலும் சொல்வது மாத்திரையைப் பற்றி. அது ஓரிரு நாளிலேயே தெரியும், நம்பலாம். அதை வைத்து நேரத்தையும் இடைவெளியையும் மாற்றலாம். தெம்பும் களைப்பும் சொல்வதை அப்படி நம்ப முடியாது. உள்ளே வரும் இரும்பை உடம்பு முதலில் ரத்தத்துக்குத்தான் கொடுக்கும், சேமிப்பு கடைசியில்தான் நிரம்பும். அதனால் ஒரு மாதத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்துவிடும், சேமிப்போ அப்போதும் காலியாகவே இருக்கும். "சரியாகிவிட்டது" என்று அங்கே நிறுத்தினால் சில மாதவிடாய்களிலேயே பழையபடி ஆகிவிடும். எப்போது நிறுத்துவது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

படி 1: தொடங்கும் முன் ஒரு ரிப்போர்ட்

ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தச்சோகை, ஆண்களுக்கு 13. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் சேமிப்பு காலி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 30-க்குக் கீழேயே சிகிச்சை தொடங்கும் மருத்துவர்களும் உண்டு. காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று கட்டாயம் தேட வேண்டும். மாத்திரையோடு நின்றுவிடக்கூடாது.

படி 2: அட்டையைப் படியுங்கள்

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இந்தப் படிதான். ஒரு மாத்திரை அட்டையில் 200 மி.கி. என்று இருக்கும், இன்னொன்றில் 100 மி.கி. முதலாவதுதான் வீரியம் என்று நினைப்போம். பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும்.

இரும்பு தனியாக வருவதில்லை, ஒரு உப்பாக வருகிறது. அட்டையில் உள்ள எண் சில நேரம் அந்த உப்பின் எடை, சில நேரம் அதிலுள்ள இரும்பின் எடை. நமக்கு வேண்டியது இரண்டாவது. அட்டையில் "எலிமென்டல் அயர்ன்" என்ற சொற்களைத் தேடுங்கள், பொடி எழுத்தில் இருக்கும். ஃபெரஸ் சல்ஃபேட் உலர் உப்பு 200 மி.கி. என்றால் அதில் இரும்பு சுமார் 65 மி.கி. ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மி.கி.யிலும் ஏறக்குறைய அதே அளவு. ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் 35 மட்டுமே. நம் ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் கிடைக்கும் ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரைகளில் பெரும்பாலும் 100 மி.கி. என்று எழுதியிருப்பது இரும்பின் எடையையே. அரசு சுகாதார நிலையத்தில் பெண்களுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம்.

இது தெரியாவிட்டால் அடுத்த படிகள் எதுவும் பலிக்காது. "அந்த கம்பெனி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, இது ஒத்துக்கொண்டது" என்று சொல்வோம். உண்மையில் இரும்பு 100-லிருந்து 35-க்கு இறங்கியிருக்கும்.

எந்த மாத்திரை நல்லது என்று கேட்டால், இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் உள்ள சாதாரண மாத்திரைதான் என் தேர்வு. கால்சியமும் துத்தநாகமும் சேர்த்த "எல்லாம் ஒன்றில்" வகை வேண்டாம், அவை இரும்போடு போட்டி போடும். மெல்லக் கரையும் வகையும் எனக்குப் பிடிக்காது. இரும்பை நன்றாக உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி, இவை அதைத் தாண்டிப் போய்க் கரைய வாய்ப்புண்டு.

படி 3: காபியிலிருந்து தள்ளி வையுங்கள்

காலையில் வெறும் வயிறுதான் நல்ல நேரம். ஆனால் நம் வீடுகளில் அந்த நேரம் காபிக்குச் சொந்தம். காபி, டீ இரண்டுமே இரும்பை உறிஞ்சவிடாது, பாலில் உள்ள கால்சியமும் அப்படித்தான். எழுந்தவுடன் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, 11 மணி வாக்கில் போடலாம். கூடவே எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ நல்லது. முழு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், போட்டவுடன் படுக்காதீர்கள். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும்.

படி 4: காலண்டரில் குறியுங்கள்

கைபேசிச் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரும் ஒரு பென்சிலும் போதும். மாத்திரை போட்ட நாளில் ஒரு டிக். குமட்டல், எரிச்சல், மலச்சிக்கல் இருந்தால் ஓர் எழுத்து. களைப்பைத் தினமும் எழுத வேண்டாம், ஞாயிறு மட்டும் எழுதுங்கள். தூக்கம், வெயில், மாதவிடாய் எல்லாம் அதை ஆட்டி வைக்கும், தினசரிக் குறிப்பு குழப்பத்தைத்தான் தரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேரத்தையும் கம்பெனியையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

படி 5: வயிற்றுக்கு ஏற்ப மாற்றுவது

குமட்டலோ வயிற்றெரிச்சலோ இருந்தால் முதலில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள். உறிஞ்சுவது கொஞ்சம் குறையும், பரவாயில்லை, டப்பாவிலேயே கிடக்கும் மாத்திரையால் ஒரு பலனும் இல்லை. தயிர், பால், கேழ்வரகு மட்டும் அந்த வேளையில் வேண்டாம்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். இது பாதிச் சிகிச்சை இல்லையா என்று பயப்பட வேண்டாம். ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. குடல் வழியாக இரும்பு உள்ளே வரும் கதவை மூடுவது அதுதான். 60 மி.கி. இரும்போ அதற்கு மேலோ போட்டால் கதவு அடுத்த நாள் வரை சரியாகத் திறக்காது. சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-லும் 2017-லும் இரும்பு குறைந்த பெண்களிடம் இதை அளந்து வெளியிட்டார்கள். ஒருநாள் விட்டுப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உள்ளே போகும் பங்கு கூடுகிறது. மிச்சமாகும் இரும்புதான் குடலில் கிடந்து தொந்தரவு செய்வது, அதுவும் குறையும். ஆனால் ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருந்தால் மருத்துவர் தினமும் போடச் சொல்வார், சில நேரம் ஊசி வழியாகவே ஏற்றுவார். அதை நாமாக மாற்றக்கூடாது.

சோர்வான நாளில் இரண்டாகப் போடுவது ஏன் உதவாது என்பதற்கும் இதுவே காரணம். இரண்டாவது மாத்திரை மூடிய கதவில் போய் நிற்கும், வயிறுதான் கஷ்டப்படும்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், வாழைத்தண்டு, கொய்யா. கொய்யாவில் வைட்டமின் சி-யும் உண்டு என்பதால் எனக்கு அதன்மேல் தனி விருப்பம். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது உறிஞ்சப்படாத இரும்பு. தார் போல ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது உள்ளே ரத்தக்கசிவாக இருக்கலாம்.

படி 6: தெம்பு எதைச் சொல்லும்?

முதலில் போவது விசித்திரமான ஆசைகள். பச்சரிசி மெல்வது, ஐஸ்கட்டி கடிப்பது, பல்பம், திருநீறு தின்பது எல்லாம் இரும்புக் குறைவோடு வருபவை. இதைச் சொல்ல வெட்கப்பட்டு மருத்துவரிடம் மறைக்கும் பெண்கள் நிறைய. தயவுசெய்து சொல்லுங்கள். நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது, கெட்ட பழக்கம் இல்லை. மாத்திரை வேலை செய்தால் சில வாரங்களிலேயே அந்த ஆசை அடங்கும். மூச்சு வாங்குவது அடுத்துக் குறையும். முடி உதிர்வது கடைசியில், மாதக்கணக்கு ஆகும்.

ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் பாருங்கள். ஒன்று முதல் இரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். எங்காவது ரத்தம் போகலாம், குடல் உறிஞ்சாமல் இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் லேசான வகையாகவும் இருக்கலாம். களைப்பு மட்டும் நீடித்தால் தைராய்டு, பி12 இரண்டையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்புக்காகச் சுமார் மூன்று மாதம் தொடர்வது வழக்கம்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

ஒற்றைப்படை தேதியில் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் 31-க்கு அடுத்து 1 வந்துவிடும். அந்த 1-ஆம் தேதியை விட்டுவிட்டு, அந்த மாதம் இரட்டைப்படைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நிறையப் பேர் எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். தைராய்டு காலையில், இரும்பு 11 மணிக்கு என்று வைத்தால் சரியாக வரும்.

எரிச்சலுக்காகக் கூடவே கேஸ் மாத்திரை போடுகிறேன் என்று ஒருவர் சொன்னார். அமிலம் குறைந்தால் இரும்பு உறிஞ்சுவதும் குறையும். அது வேறு காரணத்துக்காக எழுதித் தந்ததா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்கு கர்ப்பிணிகளுக்கு இல்லை. உங்களுக்குச் சொன்ன அளவை அப்படியே போடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒன்று. சர்க்கரைப் பூச்சுள்ள சிவப்பு மாத்திரை மிட்டாய் மாதிரியே இருக்கும், ஆனால் இரும்பு அதிகமானால் குழந்தைகளுக்கு அது விஷம். பூட்டிய அலமாரியில் வையுங்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். வாந்தி நின்று, பிள்ளை தெளிந்து விளையாடினாலும் போங்கள். சில மணி நேரம் அப்படி இருந்து, அப்புறம்தான் மோசமாகும்.