'ரன்' என்ற சொல்லைப் பழகுவது எப்படி?

ஆங்கிலம் கற்பிக்கும் நான், 'ரன்' என்றால் 'ஓடு' என்று மட்டும் எழுதிக்கொள்ள எந்த மாணவரையும் விடுவதில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் இதற்கு வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்கள் கண்டிருக்கிறார்கள். மனப்பாடம் கைகொடுக்காது.

முதலில் எழுவாயைப் பாருங்கள். பஸ், கடிகாரம், சினிமா என்றால் தமிழிலும் 'ஓடுகிறது'தான். மூக்கு என்றால் ஒழுகுகிறது. துணியின் நிறம் என்றால் சாயம் போகிறது.

அடுத்து, செயப்படுபொருள். 'ஷி ரன்ஸ் எ ஹோட்டல்' என்றால் அவர் ஹோட்டல் நடத்துகிறார்.

உண்மையான சிக்கல் பின்னால் ஒட்டும் சிறு சொற்களில் இருக்கிறது. இங்கே நிதானமாக நேரம் செலவிடுங்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு 'ரன் அவுட்' என்றதும் ஸ்டம்ப்தான் கண்ணில் நிற்கும். 'வீ ரேன் அவுட் ஆஃப் ஷுகர்' என்பதில் ஆட்டமே இல்லை. சர்க்கரை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 'ரன் இன்டு' இன்னும் பொல்லாதது: நண்பர் என்றால் தற்செயலான சந்திப்பு, மரம் என்றால் மோதல்!

அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு 'ரன்' செய்வார். பிரிட்டனில், நம்மைப் போலவே, 'நிற்பார்'.

குறிப்பேட்டில் தனிச்சொல்லை எழுதாதீர்கள். முழு வாக்கியத்தையும் எழுதி, 'அவுட் ஆஃப்', 'இன்டு' ஆகியவற்றின் கீழ் கோடிடுங்கள்.