பழைய டாக்கீஸை இடிப்பதற்கு முன் வரைந்து வைப்பது எப்படி

குடியாத்தம், ஆரணி, வாணியம்பாடி மாதிரி ஊர்களில் பழைய தியேட்டரை வரையப் போகிறவர்கள் எதிர்ச்சாரியில் நின்று முகப்பைத்தான் முதலில் வரைகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டியது. தியேட்டர் மூடியதும் உள்ளே இருப்பவைதான் முதலில் போகும். புரொஜக்டர், இரும்பு நாற்காலி, திரைச்சட்டம் எல்லாம் பழைய இரும்புக்கடையில் எடைக்கு ஏறிவிடும். முகப்பு புல்டோசர் வரும்வரை நிற்கும். எனவே ஆபரேட்டர் ரூமில் ஆரம்பித்து, அரங்கு, டிக்கெட் கவுண்டர் என்று வெளியே வாருங்கள்.

அதற்கும் முன்னால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். டேப்பை விரித்தாலே பில்டர் அனுப்பிய ஆள் என்றோ, பாகப்பிரிவினைக்கு அளக்கிறார்கள் என்றோ பேச்சு கிளம்பும். அளவுகள் சொத்து, வரி விவகாரம் எதற்கும் போகாது, வரைபடத்தில் ஒரு பிரதி அவருக்கு உண்டு என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆபரேட்டர் ரூமில் நிதானம் வேண்டும். பெரும்பாலும் இரண்டு புரொஜக்டர் இருக்கும். 2000 அடி ரீல் வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் சுமார் 22 நிமிடம்தான் ஓடும். அது முடிவதற்குள் அடுத்த மிஷின் தயாராக நிற்க வேண்டும். படத்தில் இரண்டுக்கும் நடுவே ஆபரேட்டர் நடக்கிற இடைவெளியையும் அளந்து காட்டுங்கள். சுவரில் மிஷினுக்கு ஒரு துளை, கண்ணால் பார்க்க ஒரு துளை, தீப்பிடித்தால் விழுகிற இரும்புத் தகடு, கூரைக்குப் போகிற புகைக்குழாய் என எல்லாம் படத்தில் வர வேண்டும். புகைக்குழாய் இருந்தால் அந்த மிஷின் கார்பன் குச்சி எரிகிற வெளிச்சத்தில் ஓடியிருக்கலாம். குச்சித் துண்டுகள் மூலையில் கிடந்தால் எடுத்து அதே அளவில் வரையுங்கள். மிஷினின் விளக்கு இருக்கிற பெட்டியான லேம்ப் ஹவுஸை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். செனான் விளக்கு அணைந்து ஆறியிருந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கும், தட்டுப்பட்டால் வெடிக்கும். பழைய ஆபரேட்டர் முகக்கவசத்தோடு திறந்து காட்டட்டும்.

அரங்கை அளக்க 30 மீட்டர் டேப், 5 மீட்டர் ஸ்டீல் டேப், லேசர் மீட்டர், தூக்குக்குண்டு, 10 மீட்டர் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) போதும். தூணுக்குத் தூண் தனித்தனியாக அளந்து கூட்டினால் தப்பும் கூடிக்கொண்டே போகும். டேப்பின் பூஜ்யத்தை ஒரு மூலையில் பிடித்து, நகர்த்தாமல் வரிசையாக எண்களைப் படியுங்கள். பழைய கட்டடத்தில் மூலைகள் நேராக இருக்காது, அதனால் இரண்டு மூலைவிட்டத்தையும் கட்டாயம் அளக்க வேண்டும். லேசர் ஒளி திரையில் உள்ள சிறு துளைகள் வழியாகப் பின்சுவருக்குப் போய்த் தப்பு அளவு காட்டும். திரைமேல் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து அளந்தால் சரியாக வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தட்டவோ, கீழே உதிர்ந்த தூளைக் கூட்டவோ வேண்டாம்.

தரைப்படத்தை எல்லோரும் போடுகிறார்கள், கட்டடத்தை நீளவாக்கில் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தமாதிரி வரைகிற நீளவெட்டுப் படத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். தரை டிக்கெட்டிலிருந்து பால்கனிவரை தரை எப்படி ஏறுகிறது, ஒளிக்கற்றை யார் தலைக்கு மேல் போகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ட்யூப் லெவலை 2 மீட்டருக்கு ஒரு தடவை வைத்துத் தரைச்சரிவைக் குறியுங்கள். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், தட்டி வெளியேற்றிவிடுங்கள். 30 மீட்டர் அரங்கு 1:100 அளவில் ஏ3 தாளில் அடங்கும். நீளவெட்டுக்கு 1:50 நல்லது, அதற்கு ஏ1 தாள் வேண்டும்.

பிரதி எடுத்த தரைப்படத்தை டிக்கெட் கிழித்தவர், கேண்டீன்காரர், சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவர் ஆகியோரிடம் காட்டுங்கள். பெண்கள் வரிசை எங்கே நின்றது, இடைவேளை மணி எந்தத் தூணில் இருந்தது என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டுவதை வேறு நிறத்தில் குறியுங்கள். நீங்கள் அளந்ததும் அவர்கள் சொன்னதும் ஒரே மையில் கலந்துவிடக் கூடாது.

இனி முகப்பு. எதிர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஜூம் லென்ஸில் நேருக்கு நேர் படம் எடுங்கள். கீழே நின்று அகல லென்ஸில் எடுத்தால் தூண்கள் உள்பக்கம் சாயும். சுவரில் சாய்வெயில் விழுகிற நேரத்தில் சிமென்ட் எழுத்தின் நிழல் தெளிவாகத் தெரியும். பெயர்ப்பலகை எழுத்தைக் கணினி எழுத்துருவில் தட்டி ஒட்டாதீர்கள். படத்தின் மேல் கட்டம் போட்டு வளைவு வளைவாக வரைய வேண்டும். 'லை', 'ணை' யானைத் துதிக்கை மாதிரியான பழைய கொம்போடு இருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கம். ஆனால் பெயின்டர்கள் அதற்குப் பிறகும் பழைய கையை விடவில்லை. அதை மட்டும் வைத்து ஆண்டு போடுவது வம்பு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது எழுத்தும் இருக்கலாம். படிக்கத் தெரியாதவர் வரையும்போது புள்ளிகள் விடுபடும், தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

நிறத்துக்கு, மறைவான மூலையில் 2 செ.மீ. அளவுக்கு மெல்லச் சுரண்டினால் அடுக்கடுக்காகப் பழைய சுண்ணாம்பு நிறங்கள் வரும். பகல் வெளிச்சத்தில் அருகே தாளை வைத்து நிறம் கலந்து, காய்ந்தபின் ஒப்பிடுங்கள். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும். வேலூர் மே மாத வெயிலில் வண்ணம் விரித்து முடிப்பதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். 300 ஜிஎஸ்எம் தாளை இரண்டு பக்கமும் நனைத்துக்கொண்டு காலை 9 மணிக்குள் முடிப்பது உத்தமம். கோட்டுக்கு நிறமி மை பேனாதான் வேண்டும், சாதாரண மை வெளிச்சத்தில் மங்கிப்போகும்.

டிக்கெட் கட்டு, நோட்டீஸ், விளம்பரக் கண்ணாடி ஸ்லைடு, சி படிவ உரிமம் (தியேட்டர் நடத்த அரசு கொடுத்த உரிமம்) கிடைத்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன், செலோடேப் இரண்டும் கூடவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். வேப்பிலையைத் தாளுக்கிடையே செருகினால் கறை படியும். வினிகர் வாடை அடிக்கிற ஃபிலிம் துண்டை மற்ற ஃபிலிமோடு வைக்காதீர்கள், அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

வரைந்த தாள்களை அமிலமற்ற அட்டைக்குள் படுக்கை வசமாக வையுங்கள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் ஊர், தேதி, அளவுவிகிதம், அளந்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். உரிமையாளருக்குக் கொடுத்ததுபோக மாவட்ட மைய நூலகத்துக்கும், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்கக் கேட்டுப் பாருங்கள். அச்சுத்தாள்கள் நிறையக் கிடைத்திருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கேட்கலாம்.