குடில் தயார், மனம்? திருவருகைக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் 30 நள்ளிரவில் பர்மாவின் கரேன் இனத்துச் சபைகளில் ‘ஸ்வீட் டிசம்பர்’ பாட்டு எழும்பினால், இரங்கூனில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டதாகவே கணக்கு. பர்மாத் தமிழரான நம் வீட்டு வாசலிலும் மறுநாளே நட்சத்திர விளக்கு ஏறிவிடும். அது அந்தச் சபையாரின் அழகான வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பார்த்து, கிறிஸ்துமசுக்கு முன் மனத்தைத் தயாரிக்கும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலமும் டிசம்பர் 1-ஆம் தேதிதான் பிறக்கிறது என்று பல கத்தோலிக்க வீடுகளில் எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்தக் காலத்துக்கு நிலையான தேதி கிடையாது. நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்த நாளிலும் விழலாம். 2026-இல் நவம்பர் 29, 2027-இல் நவம்பர் 28. 2028-இல் டிசம்பர் 3; அந்த ஆண்டு நான்காம் ஞாயிறே 24-ஆம் தேதி வருவதால் காலம் முழுவதும் 22 நாள்தான். நான்கு வாரம் இருக்கிறதே என்று மெத்தனமாக இருப்பவர்கள் அப்படிப்பட்ட ஆண்டில்தான் மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று: 24-ஆம் தேதி ஞாயிறாக இருந்தால், காலைப் பூசை ஞாயிறுக்கு, இரவுப் பூசை கிறிஸ்துமசுக்கு. ஒன்றைப் பார்த்து இரண்டுக்கும் கணக்குக் காட்ட முடியாது.

முதல் இரண்டு வாரத்தைத் தவறவிடுவது

மரியாவும் யோசேப்பும் பெத்லகேமுக்கு நடக்கும் கதையாகவே முழுக் காலத்தையும் நினைப்பது பரவலான தவறு. டிசம்பர் 16 வரை திருச்சபையின் பார்வை பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகைமீது இருக்கிறது. முதல் ஞாயிறு நற்செய்தியைக் கேட்டுப் பாருங்கள்: விழித்திருங்கள் என்ற எச்சரிக்கைதான் வரும், பாலன் கிடந்த தீவனத் தொட்டி வராது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருகிறார். 17-ஆம் தேதியிலிருந்தே வாசகங்கள் பிறப்பை நெருங்குகின்றன. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதிக்குத் தாவுகிறவருக்கு மனமாற்றம் என்ற பகுதியே கிடைக்காமல் போகிறது.

அதே சமயம் இதை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமாக மாற்றிவிடவும் வேண்டாம். இரண்டிலும் ஊதா உடைதான், இரண்டிலும் ஞாயிறு பூசையில் ‘உன்னதங்களிலே’ புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை. ஆனால் தவக்காலத்தில் நிறுத்தப்படும் அல்லேலூயா இங்கே தொடர்கிறது. பீடத்தில் பூவும் அளவோடு வைக்கலாம். திருவருகைக் காலத்துக்கென்று கட்டாய நோன்பு எதுவும் இல்லை. விருப்பத்தோடு ஒரு வேளை உணவைக் குறைத்தால், மிச்சமான காசை அன்றே தனி டப்பாவில் போடுங்கள். இல்லாவிட்டால் அது அதிரச மாவுச் செலவோடு கலந்துவிடும்.

மெழுகுவத்தி வளையம்

நான்கு வத்தி வைத்த பச்சை வளையம் பழங்கால வழிபாட்டுச் சடங்கு அல்ல. 1839-இல் ஹாம்பர்க் நகரில், கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரித்த ஏழைப் பிள்ளைகளுக்காக யோகான் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டு வைத்தார். அங்கிருந்து பரவியதுதான். ஆகையால் எந்தச் சபையார் வீட்டிலும் தயங்காமல் வைக்கலாம்.

மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பைக் கடைசிக்கு வைத்துவிடுகிறார்கள். அதை ஏற்ற வேண்டியது மகிழ்ச்சியின் ஞாயிறான மூன்றாம் ஞாயிறில். ஒவ்வொரு வாரமும் பழைய வத்தியோடு புதியதையும் சேர்த்து ஏற்றுவதால், தினம் 10 நிமிடம் எரித்தாலும் முதல் வத்தி 28 நாள் காலத்தில் ஏறக்குறைய 280 நிமிடம் எரியும். நான்காவதற்கு அதிகம் போனால் 70 நிமிடம். கடையில் கிடைக்கும் மெல்லிய வத்தி அதுவரை தாங்காது, முதல் வத்திக்காவது பருமனானதை வாங்குங்கள். டிசம்பர் வறண்ட காற்றில் இலைகள் சில நாளிலேயே சருகாகிவிடும். தட்டில் மணல் பரப்பி அதில் வத்தியை ஊன்றி, இலையை வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கரண்டு போன இரவில் பிள்ளைகள் பாடம் படிக்க வளையத்து வத்தியைத்தான் பிடுங்குவார்கள். அதற்கென்று தனி வத்தி ஒரு கட்டு கைவசம் இருந்தால் வளையம் பிழைக்கும்.

ஏற்றிவிட்டு எழுந்து போவது அதைவிடப் பெரிய தவறு. ஏற்றியதும் அன்றைய நற்செய்தி ஒரு பத்தி, ஒரு நிமிட மௌனம், ஒரு பாட்டு, அவ்வளவு போதும். நம் வீடுகளில் பாட்டி தமிழில் செபம் சொல்ல, பர்மியப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வாசகத்தைப் பிள்ளைகள் பர்மிய மொழியில் படிக்கட்டும், பாட்டைப் பாட்டி தமிழில் எடுக்கட்டும். தமிழ் வளர்ப்பதற்கு வேறு நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

பாவசங்கீர்த்தனத்தை 24-ஆம் தேதிக்குத் தள்ளுவது

பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். அதைத் தள்ளிப்போடும் தவறு மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். 24-ஆம் தேதி மாலை குடில் வேலை, ஒலிபெருக்கிச் சோதனை, பாடகர் ஒத்திகை எல்லாம் சாமியார் தலைமேல்தான். வரிசையில் நாற்பது பேர் நின்றால் ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில், வார நாளில், நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்.

போகுமுன் கால் மணி நேரம் ஆன்மசோதனைக்கு வேண்டும். அதற்கு யோவான் சொன்ன பதில்களே போதும். “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று மக்கள் கேட்டபோது அவர் தத்துவம் பேசவில்லை. இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிரட்டும். வரி தண்டுவோர் விதித்ததற்குமேல் வாங்க வேண்டாம். படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம் (லூக்கா 3:10-14). இதையே நம் தெருவுக்குக் கொண்டு வந்தால்: சீட்டுப் பணத்தில் யாரை ஏமாற்றினேன்? கடையில் வேலை பார்க்கும் பையனுக்குச் சம்பளத்தை எத்தனை நாள் இழுத்தடித்தேன்? வாடகைக்காரரை என்ன பேசினேன்?

உள்ளே போனதும் கடைசியாக எப்போது செய்தேன் என்பதைச் சொல்லி, கனமான பாவங்களை இன்னது, இத்தனை முறை என்று சொன்னால் போதும். முன்கதை வேண்டாம். மருமகளின் பாவத்தை மாமியார் ஒப்புவிப்பதும் வேண்டாம், அது மருமகளின் கணக்கு. தமிழ் தெரிந்த சாமியார் இல்லையே என்று ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியிருப்பவர்களும் உண்டு. பர்மிய மொழியில் தடுமாறிச் சொன்னாலும் செல்லும். வேண்டுமானால் மொழிபெயர்ப்பவர் துணையோடு சொல்லவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. கேட்டதை வெளியிடாமல் காக்கும் கடமை அவருக்கும் உண்டு.

மன்னிப்பு கேட்க வேண்டிய மனிதர் ஒருவர் இருந்தால், பரிகாரமாகக் கிடைக்கும் செபம் அந்த வேலையைச் செய்யாது. மலேசியாவில் இருக்கும் அண்ணனோடு சொத்துத் தகராறில் பேச்சே நின்றிருக்கும். டிசம்பர் 25 அன்று பளபளக்கும் வாழ்த்துப் படம் ஒன்றை வைபரில் எல்லோருக்கும் தட்டிவிடுவதோடு அவருக்கும் அனுப்பிவிட்டு, சமாதானம் ஆயிற்று என்று நினைப்பது வீண். மூன்றாம் வாரத்துக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. தகராறை அதில் பேசாதீர்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பங்கு பாகத்தைப் பிறகு பேசலாம்.

கேரல், நவநாள், குடில்

இளைஞர்கள் வாரத்தில் நான்கு மாலை கேரல் எனும் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்கு வருகிறார்கள், ஐந்தாவது மாலை செபத்துக்கு ஆள் இல்லை. ஒத்திகையின் முதல் பத்து நிமிடத்தை அன்றைய வாசகத்துக்கு ஒதுக்கினாலே இது சரியாகும்.

ஒன்பது நாள் செபமான கிறிஸ்துமஸ் நவநாளை 15-ஆம் தேதி தொடங்கி 23-இல் முடித்து, ஒரு நாள் வெறுமையாக விடுகிறார்கள். 16-இல் தொடங்கினால் ஒன்பதாம் நாள் 24. அதற்குள் 17 முதல் 23 வரை, மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன் வரும் ஏழு பழைய அழைப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதிக்கும் சுடரே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இரவுக்கு ஒன்று. சின்னப் பிள்ளைகளும் மூன்றாம் நாளுக்குள் பிடித்துக்கொள்வார்கள்.

குடிலை எப்போது வேண்டுமானாலும் கட்டுங்கள், பாலன் இயேசுவின் உருவத்தை மட்டும் 24 இரவு வரை பெட்டிக்குள் வையுங்கள். மூன்று அரசர்கள், பாலனை அவர்கள் வணங்கியதைக் கொண்டாடும் திருக்காட்சித் திருநாளில் வந்து சேர்ந்தால் போதும். அதுவரை அலமாரியின் மறுகோடியில் நிற்கட்டும். விருந்து முடிந்த கையோடு 26-ஆம் தேதி எல்லாவற்றையும் பிரித்துக் கட்டிவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் காலம் ஜனவரியில் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை நடக்கிறது.