தாங் காலச் சீன எல்லை ஆட்சியைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாங் அரசமரபு (618–907) ஆண்ட சீனப் பேரரசின் எல்லை ஆட்சியைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்களின் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஊர்ப்பெயரைப் பிழையாக எழுதுவது, ஆண்டை மாற்றிப் போடுவது போன்றவை நாளடைவில் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எங்கள் தலைமுறை செய்து, இன்றைய மாணவர்களும் மாறாமல் செய்கிற சில பிழைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பேரரசு முழுவதற்கும் ஒரே வண்ணம்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு மாணவர் கொண்டுவந்த வரைபடத்தில் கொரியத் தீபகற்பம் தொடங்கிப் பாரசீகம் வரை ஒரே சிவப்பு நிறம். மேலே ‘தாங் பேரரசு, 7-ஆம் நூற்றாண்டு’ என்ற தலைப்பு. அந்தச் சிவப்பை நம்பி வரி, படை, மக்கள்தொகை என மூன்று அத்தியாயங்களை அவர் எழுதி முடித்திருந்தார். மூன்றையும் அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

எல்லைப் பகுதிகளை மேற்பார்வையிடத் தாங் அரசு அமைத்த எல்லைக் காப்பாட்சி என்பது அசையாத நிலப்பரப்பு அன்று. அது இடம்பெயரும் ஓர் அலுவலகம். மேற்கே, இன்றைய சின்ஜியாங்கில், 640-இல் காவோசாங் அரசு வீழ்ந்ததும் துர்ஃபானில் நிறுவப்பட்ட அன்ஷி காப்பாட்சி, 658-இல் தாரிம் படுகையிலுள்ள கூச்சாவுக்குச் சென்றது. 670-இல் திபெத்தியர் தாரிம் படுகையைக் கைப்பற்றியபோது துர்ஃபானுக்கே பின்வாங்கியது. 692-இல் பேரரசி வூவின் தளபதி வாங் சியாவ்ஜியே அப்படுகையில் தாங் படை நிறுத்தியிருந்த நான்கு காவற்படைத் தளங்களையும் மீட்ட பிறகுதான் கூச்சாவுக்குத் திரும்பியது. கிழக்கே, வடகொரியப் பகுதியை ஆண்ட கோகுரியோ அரசு வீழ்ந்த 668-இல் தாங் தளபதி ஷுவே ரென்குய் 20,000 வீரர்களுடன் பியாங்யாங்கில் அமர்ந்து தொடங்கிய அன்தோங் காப்பாட்சியோ, தென்கொரியப் பகுதியின் சில்லா அரசின் எதிர்ப்பால் 676-இல் இன்றைய வடகிழக்குச் சீனாவின் லியாவோதோங்குக்கு ஒதுங்கி, பின்னர் மேலும் மேற்கே நகர்ந்தது. ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பியாங்யாங்கும் கூச்சாவும் ஒரே நேரத்தில் தலைமையிடங்களாக இருந்தது, அதிகம் போனால் 668 முதல் 670 வரைதான். அந்த ஈராண்டுக் காட்சியைத்தான் நூற்றாண்டு முழுவதன் நிலையாக மாணவர் வரைந்திருந்தார்.

இதைவிடப் பெரிய கேடு, ஆட்சியின் ஆழம் எங்கும் ஒன்றே என்று அந்த வண்ணம் நம்ப வைப்பது. துர்ஃபான், உள்நாட்டு மாவட்டங்களைப் போலவே நேரடியாக ஆளப்பட்டது. அங்குள்ள அஸ்தானா இடுகாட்டில் இறந்தவர்களுக்கு அணிவித்த காகிதக் காலணிகள், பழைய அலுவலகத் தாள்களை வெட்டிச் செய்தவை. அவற்றைப் பிரித்து ஒட்டவைத்தபோது குடும்பப் பதிவேடுகளும் நில ஒதுக்கீட்டுக் கணக்குகளும் கிடைத்தன. தாரிம் படுகையின் தெற்கிலுள்ள கோத்தானிலோ உள்ளூர் அரச மரபு நீடித்தது. அரசரே தாங் பட்டம் பெற்ற ஆளுநராகவும் இருந்தார். அங்கு 8-ஆம் நூற்றாண்டில் தானிய வரி பெற்றதற்கான மரச்சீட்டுகளில் சீனமும் கோத்தானிய மொழியும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே காப்பாட்சியின் கீழ், ஓரிடத்தில் சீன எழுத்தர் ஆளை எண்ணுகிறார். மற்றோரிடத்தில் உள்ளூர் அரசரின் ஆட்களும் சேர்ந்தே வரி தண்டுகிறார்கள். இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு வரியைப் பற்றி எப்படி எழுத முடியும்? வரைபடத்தில் ஒரு புள்ளியை வைக்கும் முன், அது எந்த ஆண்டு, அன்று அலுவலகம் எந்த ஊரில் இருந்தது, அங்கே வரி வாங்கியவர் யார் என்ற மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

856 என்ற எண்

‘புதிய தாங் வரலாறு’ என்ற பழைய சீன நூல் தரும் இந்த எண், உள்ளூர்த் தலைவர்களே தாங் பட்டத்துடன் ஆண்ட ‘தளர்பிடி’ மாவட்டங்களின் எண்ணிக்கை; அது வெவ்வேறு காலங்களில் தோன்றியவற்றின் கூட்டுத்தொகை. அதை ஓர் ஆண்டின் கணக்காகக் காட்டாதீர்கள்.

சிங் ஆட்சியின் அளவுகோல்

பல நூற்றாண்டுகள் கழித்து ஆண்ட சிங் அரசமரபின் கீழ், அதே மேற்கு எல்லையை ஆள 1762-இல் வந்த இலி தளபதி பதவியையோ 1884-இல் உருவான சின்ஜியாங் மாகாணத்தையோ கொண்டு தாங் காலத்தை அளக்காதீர்கள்.

அன்ஷியின் முடிவுக்குத் தலாஸ் போரைக் காரணமாக்குவது

751-இல் தாங் தளபதி காவோ சியான்ஜி, நடு ஆசியாவின் தலாஸில் அரபுப் படையிடம் தோற்றது உண்மை. ஆனால் 753-இலேயே மற்றொரு தாங் தளபதியான ஃபெங் சாங்சிங், அன்ஷியிலிருந்து படையெடுத்து இன்றைய பால்திஸ்தான் பகுதியில் வென்றார். 755-இல் வெடித்த அன் லூஷான் கிளர்ச்சியை அடக்க மேற்குப் படைகள் கிழக்கே அழைக்கப்பட்டதுதான் அன்ஷியின் முதுகெலும்பை முறித்தது. அப்போதும் எஞ்சிய காவற்படையினர், தலைநகருக்கான வழி அடைபட்ட நிலையிலும், கூச்சாவிலும், அதற்கு வடகிழக்கிலிருந்த மற்றொரு காப்பாட்சித் தலைமையிடமான பெய்திங்கிலும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். பெய்திங் வீழ்ந்தது 790 வாக்கில்தான். அன்ஷியின் முடிவு என்று 751-ஐ எழுதுவது அவர்களை வரலாற்றிலிருந்தே நீக்கிவிடுவதாகும்.