குடத்தில் தண்ணீர் இருக்கிறதா?

அனிமேஷன் படிக்க வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு கேரக்டருக்குப் பெயர் வைத்து, கண்ணுக்குள் மினுமினுப்பு வரை போட்டு முடித்துவிடுவார்கள். அதை நாலு அடி நடக்க விடச் சொன்னால்தான் தடுமாற்றம்.

நானும் அப்படித்தான். இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நடந்து வருவதுபோல முதல் காட்சி செய்தேன். சேலை மடிப்பு, மூக்குத்தி, குடத்தின் பளபளப்பு எல்லாம் கச்சிதம். பார்த்த நண்பன் கேட்டான்: "குடம் காலியாடா?"

நட்டு வைத்த கம்பம் மாதிரி அவளை நிமிர்ந்து நடக்க விட்டிருந்தேன். நிறைகுடம் இடது இடுப்பில் உட்கார வேண்டுமென்றால் அந்த இடுப்பு வெளியே தள்ளும். மேல்உடம்பு வலப்பக்கம் சாயும். வலது கை விலகி ஆடும், அடி சிறிதாகும். இதெல்லாம் வந்துவிட்டால் மூக்குத்தி இல்லாமலேயே அவள் தண்ணீர் தூக்கி வருகிறாள் என்று தெரிந்துவிடும்.

தலை ஒரே உயரத்தில் போவதும் நிறையப் பேர் செய்கிற தப்பு. சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். சாதாரண நடையில் ஓர் அடிக்கு ஏறத்தாழ 12. அதற்குள் குதிகால் தரையைத் தொடும், எடை இறங்கி முழங்கால் மடங்கும், பின்கால் முன்காலைக் கடக்கும், உடம்பு எழும். இந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் கேரக்டர் நடக்காது, வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு பந்து துள்ளுவதை மட்டும் அனிமேட் செய்யும் பயிற்சியைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று தாண்டிப் போகாதீர்கள். உச்சியில் பந்து தயங்கும். அங்கே படங்கள் நெருக்கமாக விழ வேண்டும், தரையை நெருங்க நெருங்க விலக வேண்டும். இடைப்பட்ட படங்களைச் சாப்ட்வேர் சம இடைவெளியில் நிரப்பித் தருவதை அப்படியே விட்டால், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல இருக்கும். தரையில் நசுங்கும்போது உயரம் குறைகிற அளவுக்கு அகலம் கூடவும் வேண்டும், இல்லையென்றால் அது காற்றுப் போன பந்து.

அப்புறம், கேரக்டருக்குக் கட்டம் போட்ட சட்டை. ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 10 நொடிக் காட்சிக்கு 120 படம். அத்தனை கட்டங்களையும் 120 முறை கையால் வரைந்தவன் சொல்கிறேன், வேண்டாம்.

உருவம் என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கத் தனி ஓவியத்துக்கு ஒரு சோதனை உண்டு. உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்புங்கள். நெஞ்சுக்கு நேரே பிடித்த செல்போன் காணாமல் போயிருக்கும். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் திரும்ப வந்துவிடும்.

பிடித்த ஜப்பானிய அனிமேயைப் பார்த்து வரைவதில் தப்பில்லை. அதை மட்டுமே வரைந்தால், இன்னொருவர் ஏற்கெனவே சுருக்கி வைத்ததையே மறுபடி சுருக்கிக்கொண்டிருப்பீர்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆளுக்கு 30 நொடி என்று வரையுங்கள். முகம் வேண்டாம், பையின் கனம் எந்தத் தோளை இறக்குகிறது என்பது போதும்.

நடிப்புக்கு உங்களையே செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம், செலவில்லாத வழி. வாளி தூக்கும் காட்சி என்றால் விளிம்புவரை தண்ணீர் பிடித்துவிட்டுத் தூக்குங்கள். காலி வாளியை வைத்துக்கொண்டு கனமாக இருப்பதுபோல நடித்து நானும் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். கழுத்து காட்டிக் கொடுத்துவிடுகிறது.