கருத்தடை மாத்திரையின் தொந்தரவுகள்: எதைச் சமாளிக்கலாம், எதற்கு உடனே மலையிறங்க வேண்டும்

கருத்தடை மாத்திரையைப் பாதியில் விடுகிற பெண்கள் பெரும்பாலும் முதல் மூன்று அட்டைக்குள்தான் விடுகிறார்கள். குமட்டுகிறது, இடையில் ரத்தம் படுகிறது, தலை வலிக்கிறது என்று அட்டையை ஓரமாக வைத்துவிடுவார்கள். நடு அட்டையில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும். கர்ப்பத்துக்கும் வழி திறந்துவிடும். பிறகு மனம் மாறி மறுபடி தொடங்கினால் அதே குமட்டல் முதலிலிருந்து வரும். உடம்பு இந்த ஹார்மோனுக்குப் பழக ஏறக்குறைய மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. அந்த மூன்று மாதத்தைக் கடக்க வழி இருக்கிறது. ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் சில இருக்கின்றன. அவை வந்தால் ஏற்காடு போன்ற மலை ஊர்களில் இருக்கிறவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்கு மலையிறங்க வேண்டும்.

முதலில் கையில் இருப்பது என்ன மாத்திரை என்று பாருங்கள். துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகத் தருவது மாலா-என். ஒரு அட்டையில் 28 மாத்திரை. 21 வெள்ளை மாத்திரைகளில் மட்டும்தான் ஹார்மோன் உண்டு: லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.03 மி.கி. மீதி 7 அடர்நிற மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து. கடையில் விற்கிற மாலா-டியும் இதே கலவைதான். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) பிரச்சினைக்கு 'பீரியட்ஸ் மாத்திரை' என்று கல்யாணமாகாத பெண்களுக்கு எழுதிக் கொடுப்பதும் பல நேரம் இதே வகையைச் சேர்ந்ததுதான். கீழே வருவதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். 'சாயா' என்று தருவது வேறு. அதில் ஹார்மோன் இல்லை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அதன்பின் வாரம் ஒன்று என்பது கணக்கு. இங்கே சொல்லும் விதிகளை அதற்குப் போடாதீர்கள்.

குமட்டலும் கொண்டை ஊசி வளைவும்

குமட்டலுக்குக் காரணம் வெள்ளை மாத்திரையில் இருக்கும் எஸ்ட்ரோஜன் (எத்தினைல் எஸ்ட்ரடையால்). வெறும் வயிற்றில் போட்டால் அதிகமாகும். ஏற்காட்டுத் தோட்டங்களில் வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் ஒரு தம்ளர் வரக்காப்பியோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டு கிளம்பினால், ஒன்பது மணிக்கு ஓங்கரிப்பு வராமல் என்ன செய்யும்? இரவுச் சாப்பாடு முடிந்ததும் போடுங்கள். குமட்டல் வந்தாலும் தூக்கத்திலேயே கழிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

இரவுக்கு மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணம் மலைப்பாதை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள் நிறைய. வெள்ளை மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது உடம்பில் சேர்ந்திருக்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு அடங்கியதும் இன்னொரு வெள்ளை மாத்திரை போடுங்கள். அதை நடப்பு அட்டையிலிருந்து எடுத்தால் நாள் கணக்கு குழம்பும். அதனால் கையிருப்பில் எப்போதும் ஒரு உபரி அட்டை இருக்கட்டும். வாந்தியோ பேதியோ இரண்டு நாள் விடாமல் இருந்தால், மாத்திரை போட்டிருந்தாலும் இரண்டு மறந்துபோனதாகவே கணக்கு. மறந்தால் என்ன செய்வது என்பது கீழே இருக்கிறது.

இடையில் படும் ரத்தம்

அதிகம் பயமுறுத்துவது இதுதான். அட்டையின் நடுவில் உள்ளாடையில் பழுப்பாகவோ சிவப்பாகவோ கொஞ்சம் படும். சிலருக்கு நாப்கின் வைக்கிற அளவுக்கே வரும். கர்ப்பப்பையின் உள்தோல் புது ஹார்மோன் அளவுக்கு மெலிந்து பழகும்போது அங்கங்கே உதிர்வதால் வருவது இது. முதல் மூன்று மாதத்தில் சகஜம். ரத்தம் படுகிறதே என்று மாத்திரையை நிறுத்தினால் அதிகமாகத்தான் ஆகும்.

மூன்று மாதம் தாண்டியும் வந்தால், முதலில் அட்டையைப் பார்க்க வேண்டும். காரணம் பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும்: இங்கே ஒன்று, அங்கே ஒன்று போடாமல் விட்ட மாத்திரை. நேரம் மாறிக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம். விசைத்தறியில் வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவர்கள் 'தூங்கப் போகும்போது' என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரம் இரவு பத்து, மறுவாரம் காலை ஒன்பது என்று ஆகிவிடும். எந்த ஷிப்ட்டிலும் விழித்திருக்கிற ஒரு நேரத்தைப் பிடியுங்கள். மாலை ஏழு, ஏழரை என்றால் இருவகைக்கும் ஒத்துவரும். போனில் அலாரம் வையுங்கள். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் போடுகிறவர்கள் அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தால், அடுக்களையில் ஆள் இருக்கிற நாளெல்லாம் மாத்திரை தவறும். தினமும் கையில் எடுக்கிற பர்ஸ்தான் சரியான இடம்.

சங்ககிரி பக்கத்தில் லாரித் தொழில் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்காரர் லோடு ஏற்றிப் போய்விட்டால் மாத்திரையை நிறுத்துவது, வண்டி திரும்பும் செய்தி வந்ததும் தொடங்குவது. இதில் மூன்று கெடுதல். ரத்தப்போக்கு எந்தக் கணக்குக்கும் அடங்காது. நடுவில் தொடங்கினால் ஏழு நாள் வெள்ளை மாத்திரை விடாமல் போட்ட பிறகுதான் பாதுகாப்பு வரும். அவர் வருவதோ நாளைக்கு. மூன்றாவதாக, நான்கு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டுத் தொடங்கும்போது, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிற அபாயம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இருப்பதுபோல் மறுபடி கூடுகிறது. அவர் ஊரில் இல்லாவிட்டாலும் தினமும் போடுங்கள். அது முடியாது என்றால் காப்பர்-டியோ ஆணுறையோ உங்களுக்குப் பொருத்தமான முறை.

மாத்திரை தவறாமலேயே ரத்தம் பட்டால், சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நாள் மெஃபனமிக் அமிலமோ ஐபுப்ரோஃபெனோ டாக்டர் எழுதித் தருவார். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டோன் எடுக்கிறவர்களுக்கும் ரத்தம் படுவது எச்சரிக்கை மணி: அந்த மருந்துகள் கருத்தடை ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும், மாத்திரை வேலை செய்யாது. சிகிச்சை முடியும் வரையும், முடிந்து நான்கு வாரமும் வேறு முறை வேண்டும். காய்ச்சலுக்கும் சளிக்கும் கொடுக்கிற சாதாரண ஆன்டிபயாடிக்குகளால் இந்தத் தொல்லை இல்லை. பல மாதம் ஒழுங்காக இருந்து திடீரென்று ரத்தம் பட்டாலும், உடலுறவுக்குப் பின் பட்டாலும் பரிசோதனை செய்தாக வேண்டும். கர்ப்பமோ தொற்றோ கர்ப்பப்பை வாயில் புண்ணோ இருக்கலாம்.

மறந்துவிட்டால் செய்ய வேண்டியது இது.

- ஒரு வெள்ளை மாத்திரை: ஞாபகம் வந்த உடனே போடுங்கள். அன்றைய மாத்திரையை அதன் நேரத்துக்குப் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை.
- இரண்டோ அதற்கு மேலோ: கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டு, மற்றவற்றை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள். ஏழு நாள் ஆணுறை கட்டாயம்.
- அது மூன்றாவது வாரமாக இருந்தால் வெள்ளை மாத்திரைகளை முடித்ததும், இரும்பு மாத்திரைகளைத் தாண்டி நேராகப் புது அட்டை.
- முதல் வாரத்தில் இரண்டு விட்டு, அதை ஒட்டி உறவும் இருந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.
- இரும்பு மாத்திரை மறந்தால் ஒன்றும் ஆகாது. புது அட்டையைத் தொடங்கும் நாள் மட்டும் மாறக் கூடாது.

ரத்தமே குறைந்துபோவதும் சிலரைக் கலங்கடிக்கிறது. 'அழுக்கு ரத்தம் உள்ளே தேங்குகிறது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. உள்தோல் வளரவில்லை, அதனால் உதிரவும் இல்லை. மாத்திரை தவறவிட்டு ரத்தமும் வரவில்லை என்றாலோ, தொடர்ந்து இரண்டு அட்டைக்கு வரவில்லை என்றாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள்.

ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் பொங்கலன்று தூரமாகிவிடக் கூடாதே என்று, தினமும் கருத்தடை மாத்திரை போடுகிறவர்களும் மெடிக்கலில் நாரெதிஸ்டெரோன் வாங்கிப் போடுகிறார்கள். அது தேவையே இல்லை. இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடர்ந்தாலே தள்ளிப்போகும். தனியாக நாரெதிஸ்டெரோன் மட்டும் தள்ளிப்போடப் போடுகிறவர்கள், அந்தச் சில நாள் மாத்திரையைக் கருத்தடையாக நம்ப வேண்டாம்.

காப்பி

யாரும் எச்சரிக்காத விஷயம் இது. எத்தினைல் எஸ்ட்ரடையால், காப்பியில் இருக்கும் கஃபீனைக் கல்லீரல் கரைக்கிற வேகத்தைக் குறைத்துவிடும். கஃபீன் உடம்பில் தங்குகிற நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மாலை ஐந்து மணிக் காப்பி நடுராத்திரியிலும் வேலை செய்துகொண்டிருக்கும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் என்று 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' பட்டியலில் வருகிற சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்துவதற்கு முன் இரண்டு வாரம் மதியத்துக்குப் பின் காப்பியை விட்டுப் பாருங்கள். கூடவே, இரும்பு மாத்திரையைக் காப்பி டீயோடு போட்டால் சத்து உடம்பில் ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அந்த வாரம் மலம் கறுத்துப் போனால் பயப்பட ஒன்றுமில்லை, இரும்பின் நிறம் அது.

தலைவலி, மார்வலி, மற்றவை

சாதாரணத் தலைவலிக்கு பாராசிட்டமால் 500 மி.கி. போதும். இரும்பு மாத்திரை வாரத்தில் மட்டும் தலைவலி வருகிறதென்றால் அது ஹார்மோன் இறங்குவதால் வருவது. டாக்டரிடம் கேட்டு இரண்டு மூன்று அட்டைகளின் வெள்ளையைத் தொடர்ச்சியாகப் போட்டால் குறையும். தலைவலிக்கு முன் கண்ணில் நெளிநெளியாக வெளிச்சம் ஓடினாலோ, பார்வையில் ஒரு பகுதி மறைந்தாலோ கதை வேறு. அப்படிப்பட்ட மைக்ரேன் உள்ளவர்களுக்கு எஸ்ட்ரோஜன் மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மார்பு கனத்து வலித்தால் நன்றாகத் தாங்குகிற உள்ளாடையும் வெந்நீர் ஒத்தடமும் போதும். ஓரிரு மாதத்தில் போய்விடும். கட்டி தட்டுப்பட்டால் காட்ட வேண்டும். எடை கூடுவதாக எல்லோரும் சொல்வார்கள். ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, தொடக்கத்தில் நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். முகத்தில் மங்கு விழுவது மட்டும் நிறுத்தினாலும் முழுசாகப் போகாமல் இருக்கலாம். கர்ப்பத்தில் மங்கு வந்தவர்கள் சேலத்து வெயிலில் குடையும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் வெளியே போகாதீர்கள், முதல் கருமை தெரிந்ததுமே வேறு முறை கேளுங்கள். 'சூடு' என்று இளநீர் குடிப்பதில் தவறில்லை, மாத்திரையை அது ஒன்றும் செய்யாது.

மனச்சோர்வை மட்டும் 'போகப் போகச் சரியாகும்' என்று தள்ளாதீர்கள். காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மாத்திரையை மாற்றக் கேளுங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அப்போதே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

காத்திருக்கக் கூடாதவை

ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதுதான் இந்த மாத்திரையின் பெரிய ஆபத்து. அபூர்வம்தான்: மாத்திரை போடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு வருவது, லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையில் 5 முதல் 7 பேருக்கு வருகிறது. ட்ராஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரெல் கலந்த விலை கூடிய மாத்திரைகளில் 9 முதல் 12. விலை அதிகம் என்றால் பாதுகாப்பு அதிகம் என்பது இங்கே செல்லாது. கர்ப்ப காலத்தில் இந்த அபாயம் இவை எல்லாவற்றையும்விட அதிகம். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தால் இதில் மாற்றம் எதுவும் இல்லை.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலிப்பது. திடீர் மூச்சிரைப்பு, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்துவது. இதுவரை வராத கடுமையான தலைவலி. பார்வை மங்குவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது. விடாத மேல்வயிற்று வலி, கண் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்தி 108-க்கு அழையுங்கள். மலைக் கிராமத்தில் இருக்கிறவர்கள் காலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். கால்வலிக்கு எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். மருத்துவமனையில் முதல் வார்த்தையே 'கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன்' என்பதாக இருக்கட்டும். கூட வருகிறவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அட்டையை எடுத்து டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.

தொடங்கும் முன்பும், மூன்றாம் மாதமும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பிரஷர் பார்த்தாக வேண்டும். 140/90 தொட்டால் மாற்று முறை பற்றிப் பேசுங்கள், 160/100 என்றால் உடனே நிறுத்த வேண்டும். குழந்தை பிறந்து ஆறு வாரம் வரை தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது, ஆறு மாதம் வரை தவிர்ப்பது நல்லது. 35 வயதுக்கு மேல் புகைபிடிக்கும் பெண்களுக்கும் ஆகாது. பல நாள் படுக்கையில் வைக்கிற பெரிய ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

மூன்று அட்டை ஒழுங்காகப் போட்டும் தொந்தரவு தீரவில்லை என்றால் அட்டையை முடித்துவிட்டு கிராம சுகாதார செவிலியரிடம் போங்கள். வேறு ஹார்மோன் கலவை, சாயா, அந்தரா என்ற கருத்தடை ஊசி, காப்பர்-டி என்று கேட்டு வாங்க முறைகள் பல உண்டு. பழையதை நிறுத்திய நாளுக்கும் புதியது தொடங்கும் நாளுக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். குழந்தை வேண்டும் என்று நிறுத்துகிறவர்களுக்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதத்தில் கருமுட்டை வெளியேற்றம் திரும்பிவிடும். எத்தனை வருஷம் மாத்திரை போட்டிருந்தாலும் கர்ப்பப்பை சுருங்குவதில்லை.