சுமேரியர் முறையில் ஓர் ஆட்டுக் கணக்கைக் களிமண்ணில் எழுதுவது எப்படி

சுமேரியர் என்றதும் ஊர் என்னும் பெயர்கொண்ட நகரத்தின் சிகுராத் என்ற படியடுக்குக் கோயில் கோபுரமும் அரச கல்லறைகளில் கிடைத்த பொன்னணிகளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த மக்கள் அன்றாடம் என்ன உண்டார்கள், என்ன கூலி பெற்றார்கள், யார் யாரிடம் எதை ஒப்படைத்தார்கள் என்பதையெல்லாம் நமக்குச் சொல்பவை உள்ளங்கையில் அடங்கிவிடும் களிமண் பலகைகளே. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் சமவெளியில், கல்லும் நல்ல மரமும் அரிதாக இருந்தன. மண்ணும் நாணலும் அள்ள அள்ளக் குறையாமல் கிடைத்தன. வீட்டுச் சுவருக்கும் கூடைக்கும் படகுக்கும் பயன்பட்ட அதே இரண்டு பொருள்களிலிருந்துதான் கி.மு. 3300-ஐ ஒட்டி உருக் நகரத்தில் எழுத்தும் பிறந்தது. அங்கே கிடைத்த மிகப் பழைய பலகைகளில் பெரும்பாலானவை தானியம், கால்நடை, கூலி ஆகியவற்றின் கணக்குகள். கதையும் பாட்டும் எழுத்தில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஆகவே சுமேரிய எழுத்தைக் கையால் பழக விரும்புகிறவர் கணக்கிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து. இந்த வழிகாட்டியில் நாம் எழுதப்போவது ஒரு கால்நடைச் சீட்டு. ஊர் நகரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மன்னன் ஷுல்கி, தன் 39-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.மு. 2056-இல், நிப்பூர் நகரத்துக்கு அருகே புஸ்ரிஷ்-தகான் என்னும் கால்நடை நிலையத்தை நிறுவினான். ஆடுமாடுகள் வரியாகவும் காணிக்கையாகவும் அங்கே வந்து சேர்ந்தன. அங்கிருந்து கோயில் பலிக்கும் அரண்மனை அடுப்புக்கும் அனுப்பப்பட்டன. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு பலகை எழுதப்பட்டதால் ஆயிரக்கணக்கான சீட்டுகள் இன்றும் நம்மிடம் உள்ளன. அவற்றின் வாய்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை உருப்படி, யாரிடமிருந்து, யார் பொறுப்பேற்றார், எந்த மாதம், எந்த ஆண்டு. நம் மாதிரிச் சீட்டு இவ்வாறு அமையும்: “5 ஆடுகள். அப்பசகாவிடமிருந்து இன்தாயா பொறுப்பேற்றார். மான் உண்ணும் மாதம். ஹுஹ்நுரி அழிக்கப்பட்ட ஆண்டு.” அப்பசகாவும் இன்தாயாவும் அந்த நிலையத்தில் உண்மையாகவே பணியாற்றிய அதிகாரிகள். ஹுஹ்நுரி இன்றைய ஈரானில் இருந்த நகரம். ஷுல்கிக்குப் பின் ஆண்ட மன்னன் அமர்-சுயேன் அதை அழித்ததையொட்டி அவனுடைய ஏழாம் ஆட்சியாண்டுக்கு அப்பெயர் வந்தது. ஆண்டுகளுக்கு எண்ணிடாமல், நடந்த ஒரு பெருநிகழ்ச்சியின் பெயரைச் சூட்டுவதே அவர்கள் வழக்கம்.

முதல் வேலை மண். குயவரிடம் கிடைக்கும் களிமண் போதும். வயல் மண்ணையோ குளத்து மண்ணையோ எடுத்தால் ஒரு வாளி நீரில் கரைத்து, கல்லும் மணலும் அடியில் தங்கியபின், மேலே நிற்கும் குழம்பை மட்டும் மெல்லிய துணியில் வடித்துத் தெளியவையுங்கள். மேல்நீரை இறுத்துவிட்டு, மண் சப்பாத்தி மாவின் பதத்துக்கு இறுகும்வரை காற்றாடவிட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் நன்றாகப் பிசைய வேண்டும். பதம் சரியா என்பதை அறியக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல்ரேகை தெளிவாகப் பதிந்து, விரலில் மண் ஒட்டாமல் இருந்தால் அதுவே எழுதும் பதம். நான் முதன்முதலில் செய்த பலகையில் ஈரம் மிகுந்துவிட்டது. குச்சியை எடுக்கும்போதெல்லாம் மண்ணும் கூடவே எழும்பி, ஐந்து ஆப்புகளில் மூன்று மூடிக்கொண்டன. மறுநாள் அதே மண்ணை அதிகம் காயவிட்டுவிட்டேன். ஓரங்களில் வெடிப்பு ஓடியது. இந்த இரண்டுக்கும் நடுவே எழுதுவதற்குக் கிடைக்கும் நேரம் நம் வெயிலில் அரைமணிக்கு மேல் நீடிப்பதில்லை. சீட்டுகள் ஏன் அத்தனை சிறியனவாகவும் வாசகம் ஏன் அத்தனை சுருக்கமாகவும் இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பெரிய எலுமிச்சம்பழ அளவு மண்ணை உருட்டி, உள்ளங்கையில் வைத்துத் தட்டி, 5 சென்டிமீட்டர் உயரமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சிறு தலையணை வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் சற்றே புடைத்தும் இருக்கட்டும். சுமேரிய எழுத்தர்களின் பலகைகள் பலவும் அப்படியே இருப்பதால், உடைந்த துண்டு கிடைத்தாலும் எது முன்பக்கம் என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிகிறது.

அடுத்தது எழுதுகோல். நாணலை நறுக்கிக் கூர்மையான மூலை வரும்படி சீவிக்கொள்ளலாம். கிடைக்காதவர்கள் நான்கு பட்டையாகச் சீவிய மூங்கில் குச்சியையோ, ஐஸ்கிரீம் குச்சியின் நுனியை நேராக வெட்டியோ பயன்படுத்தலாம். வேண்டியதெல்லாம் மழுங்காத ஒரு மூலை. ஓலையில் எழுத்தாணி கீறிச் செல்லும். இங்கே குச்சியை ஒருபோதும் இழுக்கக் கூடாது. இழுத்தால் கோட்டின் இருபுறமும் மண் வரப்புபோல் எழும்பி அடுத்த குறியைக் கெடுத்துவிடும். உருக்கின் தொடக்ககால எழுத்தர்கள் ஆடு, மீன், தலை என்று வளைகோடுகளால் கீறித்தான் எழுதினார்கள். பின்வந்தோர் இழுப்பதை விட்டுவிட்டு அழுத்தி எடுக்கப் பழகியபோது வளைவுகள் மறைந்து, ஆப்பு வடிவங்கள் மட்டும் எஞ்சின. ஆப்பெழுத்து என்று நாம் அழைப்பது அதைத்தான்.

அடிப்படை அழுத்தல்கள் மூன்று. குச்சியைப் பலகையின் பரப்போடு ஏறக்குறையப் படுக்கவைத்து, அதன் மூலையை முதலில் பதித்து விளிம்பை மெல்லத் தாழ்த்தினால், தலை அகன்றும் வால் மெலிந்தும் ஒரு ஆப்பு விழும். தலை மேலே இருந்தால் அது நிமிர்ந்த ஆப்பு. தலை இடப்புறம் இருந்தால் கிடந்த ஆப்பு. மூலையை மட்டும் ஒரு குத்தாகக் குத்தி எடுத்தால் வருவது மூலை ஆப்பு. தலை வலப்புறத்திலோ அடியிலோ வருவது வழக்கமில்லை. கையைச் சுழற்றிச் சிரமப்படுவதைவிட, இடக்கையில் உள்ள பலகையைத் திருப்பிக்கொள்வது எளிது. நிப்பூரில் 1951–52 அகழ்வாய்வில் வெளிப்பட்ட ஒரு சிறு வீட்டில், கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏறத்தாழ 1400 பலகைகள் கிடைத்தன; அவற்றில் பெரும்பாலானவை மாணவர் பயிற்சிகள். சுமேரிய மொழி அதற்குள் தாய்மொழியாக வழங்காமல் போய்விட்டிருந்தும், கல்வியின் மொழியாக அது தொடர்ந்து கற்பிக்கப்பட்டது. எதுப்பா, அதாவது பலகை வீடு, என்று அழைக்கப்பட்ட அத்தகைய பள்ளிகளில் பிள்ளைகள் தொடங்கியதும் இந்த மூன்று ஆப்புகளை வரிவரியாக அழுத்துவதில்தான். உளுந்து வடை அளவில் தட்டிய வட்டப் பலகையில் ஆசிரியர் ஓரிரு வரிகளை எழுதிக் கொடுப்பார். மாணவன் அதன் கீழேயோ பின்புறத்திலோ பார்த்து எழுதுவான். நீங்களும் அப்படி ஒரு வட்டப் பலகையில் ஒவ்வொரு ஆப்பையும் இருபது முறையாவது எழுதிப் பழகுங்கள். வாய் சொல்வதைக் கை பிடிக்க வேண்டும், அவனே எழுத்தன் என்பது அவர்களுடைய பழமொழி.

இனி எண்கள். ஒன்றுக்கு ஒரு நிமிர்ந்த ஆப்பு. மூன்றுக்கு மூன்று ஆப்புகள் ஒட்டி ஒட்டி. ஐந்து என்றால் மேலே மூன்றும் கீழே இரண்டும். ஆறு என்றால் மேலே மூன்று, கீழே மூன்று. பத்துக்கு ஒரு மூலை ஆப்பு, இருபதுக்கு இரண்டு. அறுபதை எட்டியதும் மறுபடி ஒரு நிமிர்ந்த ஆப்பு. ஆகவே 83-ஐ எழுத, ஒரு நிமிர்ந்த ஆப்பு, சிறு இடைவெளி, இரண்டு மூலை ஆப்புகள், மூன்று நிமிர்ந்த ஆப்புகள்: 60, 20, 3. சுழியம் அவர்களிடம் இல்லாததால் இடைவெளியிலும் சூழலிலும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. நம் கடிகாரத்தில் ஒரு மணிக்கு 60 நிமிடம் இருப்பது இந்த அறுபதின் வழியே வந்த சொத்து.

தானியக் கணக்கிலும் அறுபது வருகிறது. ஒரு சிலா என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். 60 சிலா சேர்ந்தது ஒரு பரிக். அந்த ஒரு பரிக்கை எழுத ஒற்றை நிமிர்ந்த ஆப்பு போதும். ஷுல்கி, அமர்-சுயேன் காலத்தில் ஓர் ஆண் தொழிலாளிக்கு மாதத்துக்கு 60 சிலா வாற்கோதுமையும், பெண்ணுக்கு அதில் பாதியாகிய 30 சிலாவும் அளப்பது பொதுவான அளவாக இருந்தது. ஒரு மனிதனின் ஒரு மாத உழைப்பு குச்சியின் ஒரே அழுத்தலில் முடிந்துவிடுவதையும், பக்கத்தில் தறியில் உட்கார்ந்தவளுக்கு அதுவும் பாதியாகக் குறைவதையும், கையால் எழுதிப் பார்த்த பிறகு என்னால் வெறும் புள்ளிவிவரமாகப் படிக்க முடியவில்லை.

இப்போது சீட்டை எழுதுவோம். பலகையின் அகலத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து மெதுவாக அழுத்தினால் வரிக்கோடுகள் கிடைக்கும். எழுத்து இடமிருந்து வலமாகச் செல்லும். முதல் வரியில் ஐந்து என்னும் எண். அதையடுத்து உது, அதாவது ஆடு. தொடக்ககாலத்தில் ஆட்டின் குறி, வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி; ஆப்புகளாக மாறியபோது வட்டம் சதுரமாயிற்று. நான்கு பக்கங்களுக்கு நான்கு ஆப்புகள், நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு என்று எழுதினால் நம் தேவைக்குப் போதும்.

இரண்டாம் வரி “கி அப்பசகா-த”. கி என்றால் இடம். த என்பது நீங்கலைக் குறிக்கும் விகுதி. பெயருக்கு முன்னே இடம் என்று எழுதி, பின்னே விகுதியைச் சேர்த்தால் “அப்பசகாவிடமிருந்து” என்றாகிறது. நாமும் அதே வேலையை இடம் என்னும் சொல்லைக்கொண்டே செய்கிறோம் என்பதைக் காணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆயினும் இதை வைத்து இரண்டு மொழிகளுக்கும் உறவு கற்பித்துவிடக் கூடாது. சுமேரியம் எந்த மொழிக்குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் இயல்பு உலகின் பல மொழிகளில் உண்டு.

மூன்றாம் வரி “இன்தாயா இ-தப்”, அதாவது இன்தாயா பொறுப்பேற்றார். இவ்வளவும் முன்பக்கத்தில் அடங்கட்டும். பின்பக்கத்துக்குச் செல்லும்போது புத்தகத் தாளைப்போல் பக்கவாட்டில் புரட்டாமல், கீழ்விளிம்பை அச்சாகக்கொண்டு தலைகீழாகப் புரட்டுங்கள். சுமேரியர் அப்படித்தான் செய்தார்கள். பின்பக்கத்தில் மாதமும் ஆண்டும் வரும். மாதத்தின் பெயரில் உள்ள உண்ணுதல் என்னும் குறியைச் சற்று நிதானித்துப் பாருங்கள்: ஒரு தலை, அதன் வாயருகே கூலியளக்கும் கிண்ணம். இந்த வரிகளுக்குரிய ஒவ்வொரு ஆப்பையும் சொல்லால் விளக்குவது பயன்தராது. சிடிஎல்ஐ என்னும் இணையத் தொகுப்பில் அக்காலச் சீட்டுகளின் படங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, அந்த மாணவர்களைப்போலவே பார்த்து எழுதுங்கள். கடைசியாக இடப்பக்க விளிம்பில் மொத்த எண்ணிக்கையாகிய ஐந்தை மீண்டும் அழுத்திவிடுங்கள். புஸ்ரிஷ்-தகான் சீட்டுகள் பலவற்றில் இது காணப்படுகிறது. பலகைகள் அடுக்கியிருக்கும்போதும் விளிம்பைப் பார்த்தே தொகையை அறியலாம் அல்லவா?

முத்திரையும் இட விரும்பினால், கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியில் மூன்று சென்டிமீட்டர் துண்டு எடுத்து, அதன் உருண்ட பக்கத்தில் ஊசியால் ஓர் உருவத்தைச் செதுக்கி, மண்ணின் மேல் ஒரே அழுத்தத்தில் உருட்டுங்கள். எழுத்து வந்தால் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். சுமேரியரின் உருளை முத்திரைகள் பெரும்பாலும் கல்லால் ஆனவை. சில ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த நீலக்கல்லில் செதுக்கப்பட்டவை. நடுவே துளையிட்டுக் கயிற்றில் கோத்து உடலில் அணிந்துகொள்வார்கள்.

பலகையை நிழலில், மரப்பலகையின் மேல் வைத்து, நாளுக்கு இருமுறை புரட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். நேர்வெயிலில் வைத்தால் ஒருபக்கமாக வளைந்துவிடும். அடுப்பில் சுட வேண்டாம். உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகி வெடித்துச் சிதறும். சுமேரியரும் அன்றாடச் சீட்டுகளைச் சுடவில்லை. கட்டடங்கள் தீக்கிரையானபோது தற்செயலாகச் சுடப்பட்டுக் கெட்டிப்பட்ட பலகைகளும் பல உண்டு. எழுதியதில் பிழை இருந்தால் மண்ணை வீணாக்கவும் வேண்டாம். நிப்பூர் வீட்டில் தாரெண்ணெய்க் கீல் பூசிய ஒரு தொட்டி இருந்தது. பிள்ளைகள் எழுதி முடித்த பலகைகளை அதில் போட்டு ஊறவைத்து மறுபடி மண்ணாக்கிக்கொண்டார்கள். அரை ஈரத்தில் இருக்கும் பலகை எளிதில் கரையாது. முழுவதும் காய்ந்தபின் நீரில் போட்டால் தானே உதிர்ந்து குழம்பாகும். மேல்நீரை இறுத்து, பதம் வந்ததும் அடுத்த சீட்டைத் தொடங்குங்கள்; இம்முறை ஐந்து ஆடுகளுக்குப் பதிலாக 83 ஆடுகள் இருக்கட்டும்.